பாக்கெட் வைக்காத சட்டை

என் தம்பியின் சட்டைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உட்பக்கம் ஒரு பாக்கெட் உண்டு. இடது மார்புக்கு நேராக, வெளியே தெரியாதபடி, மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டிருப்பேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் என் பிழைப்பு. ஆம்பளைச் சட்டை தம்பி ஒருவனுக்கு மட்டும் தைப்பேன், அதுவும் அந்தப் பாக்கெட்டுக்காக.

பாக்கெட்டில் போஸ்ட் கார்டு அளவில் லேமினேஷன் போட்ட ஒரு கடிதம் இருக்கும். சென்னையில் அவனைப் பார்க்கும் டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது. இங்கிலீஷில் இருந்தாலும் எனக்குத் தமிழில் மனப்பாடம். இவருக்குப் பிறவியிலேயே ரத்தக்குழாய்களின் சுவர் பலவீனம். அடிபடாமலே கிழியும். வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ திடீரென்று கடும் வலி வந்தால் ஸ்கேன் எடுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள். வேறு வழியே இல்லை என்றாலொழிய கத்தி வைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் வரக்கூடியது, அவர்களையும் சோதியுங்கள். இதில் ‘உடனே’ என்பது மட்டும் சிவப்பில், பெரிய எழுத்தில் இருக்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது கிக்கர் திரும்பி அவன் கெண்டைக்காலில் அடித்தது. யாருக்கும் அடிக்கிறதுதான். இவனுக்கு ஒரு மணி நேரத்தில் கால் முழுக்கக் கறுத்து வீங்கிவிட்டது. இங்கே இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா காலைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சுத் தோல் அத்தனை மெல்லிசு, பச்சை நரம்பெல்லாம் எண்ணிவிடலாம். குழந்தையிலிருந்தே அப்படித்தான். நல்ல சிவப்புத் தோல் என்று பெருமைப்பட்டுக்கொண்ட குடும்பம் நாங்கள். “உங்க அப்பா எப்படி இறந்தாரு?” என்று கேட்டார்.

எங்கள் அப்பா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலைப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று வயசு. முருகனே கூப்பிட்டுக்கொண்டார், இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று தெருவே சொன்னது. நாங்களும் நம்பி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவிடமும் தம்பி அதே பெருமையோடுதான் சொன்னான். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. தம்பிக்கு இருந்தது, எனக்கு இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக ரயிலில் திரும்பி வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தம்பி அதை விட்டுவிட்டு தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தான். கடிதத்துக்கு லேமினேஷன் போட்டவன் அவனேதான். ஒன்று சட்டையில் இருக்கும், இன்னொன்று ஜெராக்ஸ் கடை டிராயரில் இருக்கும்.

அதற்கப்புறம் என் ஆயுசில் பாதி விளக்கம் சொல்லியே போனது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விடியற்காலை ரயில். அவனை ஜன்னலோரம் உட்கார வைத்து, கூட்டம் அவன்மேல் சாயாதபடி நான் குறுக்கே நிற்பேன். அரக்கோணத்தில் ஏறுகிறவர்களோடு சண்டை. “இன்னாம்மா, உன் தம்பி இன்னா கண்ணாடியா?” என்று ஒருத்தன் கேட்டான். ஆமாண்டா கண்ணாடிதான், தள்ளி நில்லு என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் புது முகம், புது சீட்டு, ‘என்ன பிரச்சினை?’ என்று முதலிலிருந்து. பல்வலி என்று போனாலும் சொல்லணும், காய்ச்சல் என்று போனாலும் சொல்லணும். ஊசி போட்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள் என்பேன், ரத்த அழுத்தப் பட்டையை ரொம்ப இறுக்காதீர்கள் என்பேன். இந்தம்மா எதுக்கு இப்படிக் கத்துது என்று கேட்காத நர்ஸ் கிடையாது. கத்திக் கத்தி எனக்கே என் குரல் பிடிக்காமல் போய்விட்டது.

இத்தனை பேரிடம் சொன்னவள் ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை. தம்பிக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினெட்டு ஆனதும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இருபத்தொன்று ஆகியும் கூட்டிப் போகவில்லை. நைனாவுக்கு ரத்தம் சட்டென்று உறையாது, அதற்குத்தான் அந்தக் கடிதம் என்று அவளிடம் ஒரு கதை சொல்லி, அதைக் கையில் கொடுக்காமலே வைத்திருந்தோம். தம்பி பொண்டாட்டி நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி; கல்யாணம் அவளுக்குப் பெள்ளி, நாத்தனார் நான் வதினா. “பெள்ளி முடியட்டும் வதினா. இன்னொரு காயிதம் வந்துச்சின்னா எவன் வந்து பொண்ணு கேப்பான்?” என்பாள். நான் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன வருஷம் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொந்தமாகத் தறி போட்டிருக்கிறார்கள், பையன் நல்ல மாதிரி, நம் பெண்ணுக்கும் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூ வைக்க வருவதாகப் பேச்சு. அன்றைக்குப் போட்டுக்கொள்ள தம்பிக்கு வெள்ளையில் ஒரு சட்டை தைத்தேன். நல்ல மெல்லிசுத் துணி. உள் பாக்கெட்டுக்குத் துண்டு வெட்டி, மிஷினில் நூலும் கோத்தாயிற்று. அப்போது பார்த்து ஒரு யோசனை வந்தது. இந்தத் துணிக்குள் வைத்தால் சிவப்பு எழுத்து வெளியே தெரியும். சம்பந்திக்காரர்கள் என்ன அது என்று கேட்பார்கள். இரண்டு மணி நேர விஷயம்தானே. வெட்டிய துண்டைக் கூடையில் போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலையில் என் வீட்டுக்கு வந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். கை தானாக இடது பக்கம் உள்ளே போய்த் துழாவியது. பிறகு பழைய சட்டையிலிருந்து கடிதத்தை எடுத்து, “இத இன்னாக்கா பண்றது?” என்றான். “குடு, நான் வெச்சிக்கிறேன்” என்று வாங்கி, என் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். இரண்டு தெரு தாண்டினால் அவன் வீடு. அவ்வளவு தூரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றிருந்தேன்.

பத்து மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் பூ, பழம், புடவை. பெண்ணை அழைத்துவரச் சொல்லும் நேரத்தில் தம்பியைப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். “வவுறு வலிக்குதுக்கா. மேல் பக்கம் கிழிக்கிற மாதிரி கீது.” எப்போதிருந்து என்றேன். “குளிச்சிட்டு வந்ததுலேர்ந்து. பூ வெச்சி முடியட்டும்க்கா.” அது என்ன வலி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நின்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பையனின் அம்மா பார்த்துவிட்டார். “இன்னாங்க சம்மந்தி, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சி?” என்று எழுந்து வந்தார். வயிற்று வலி என்றதும் அவருக்கு முகமே தெளிந்துவிட்டது. “அட, கொடலேத்தம்ங்க. காலைலேர்ந்து ஓடியாடிகினு வெறும் வவுத்தோட இருந்திருப்பாரு. எங்க ஊர்ல எல்லாருக்கும் நான்தான் தட்டிவுடறேன். வெளக்கெண்ண கொண்டாங்க, ஒரு நிமிசத்துல எறங்கிப்பூடும்.” பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். குடல் மேலே ஏறிக்கொண்டது என்று எண்ணெய் தடவித் தட்டி இறக்குவார்கள்; எங்கள் பக்கம் வயிற்று வலிக்கு முதல் வைத்தியமே இதுதான். என் வயிற்றையும் எத்தனையோ பேர் தட்டியிருக்கிறார்கள். அந்தம்மா அன்பாகத்தான் செய்தார்.

தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே வதினா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். வயிற்றை அழுத்தாதீர்கள் என்று எத்தனை நர்ஸிடம் கத்தியவள் நான், அன்றைக்கு வாயே வரவில்லை. அந்தம்மா எண்ணெய் தடவி, இரண்டு கட்டை விரலையும் தொப்புளுக்கு மேலே வைத்து ஒரு தள்ளு தள்ளினார். இன்னொரு தள்ளு. மூன்றாவதுக்கு தம்பி “அக்கா” என்றான், ரொம்பச் சின்னக் குரலில். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. “கைய எடு! எடுன்றேன் இல்ல!” என்று சம்பந்தியம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து பூத்தட்டெல்லாம் எண்ணெய் ஆனது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு டியூட்டி டாக்டர், சின்ன வயசுக்காரர். விசேஷ வீடு, எண்ணெய்ப் பலகாரம், கேஸ் டிரபிள்தான் என்று ஊசியை எடுத்தார். நான் ஆரம்பித்தேன். ரத்தக்குழாய், பிறவி, கிழியும், ஸ்கேன். பதற்றத்தில் எல்லாம் முன்னே பின்னே வந்தது. “நீங்க நர்ஸாம்மா?” என்றார். டைலர் என்றேன். “அப்ப கொஞ்சம் வெளிய இருங்க. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா கொண்டாங்க.”

போனில் படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். என்னுடையது பட்டன் போன். தம்பி போனில் இருந்தது. நிச்சயப் புடவைப் படங்களைப் பார்க்க மகள் அந்தப் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறாள் என்று அதற்கு முந்தின வாரம்தான் அழித்திருந்தான். ஜெராக்ஸ் கடை ஞாயிறு பூட்டியிருக்கும். மிச்சம் இருந்தது என் பீரோ ஒன்றுதான். ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்து நின்ற அவன் மகளிடம் சாவியைக் கொடுத்து, “மூணாவது தட்டு, புடவைக்கு அடியில. படிக்காத, எடுத்துகினு ஓடியா” என்றேன். படிக்காதே என்று சொன்னால் எவள்தான் படிக்க மாட்டாள்?

கால் மணி நேரத்தில் வந்தாள். பூ வைக்கக் கட்டியிருந்த பட்டுப் புடவையை வாரிச் செருகியிருந்தாள். கடிதத்தை என்னிடம் தரவில்லை. நேராக உள்ளே போய் டாக்டர் கையில் கொடுத்து, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, “புள்ளைங்களுக்கும்னு போட்டுகிது அத்தை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. படித்து முடிப்பதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். போடவிருந்த ஊசி குப்பைக்குப் போனது. ஒரு கையில் போன், மறு கையில் ஸ்கேன் கருவி. வயிற்றின்மேல் பூ வைப்பது போல் அதை வைத்தார். உள்ளே ரத்தம் தேங்கியிருந்தது. சென்னையிலிருந்து டாக்டரம்மா போனில் சொல்லச் சொல்ல இவர் “சரி மேடம், சரி மேடம்” என்று செய்தார். இறங்கிய ரத்த அழுத்தத்தைப் பழையபடி ஏற்றிவிடக் கூடாதாம். ஏற்றினால் கிழிசல் பெரிதாகுமாம். ஆள் நினைவோடு பேசுகிற அளவுக்கு இருந்தால் போதும், பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றாதீர்கள், ஆடாமல் அசையாமல் கொண்டு வாருங்கள், நாங்கள் ரத்தம் தயாராக வைத்திருக்கிறோம். இதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் நடந்திருக்க வேண்டியது.

ஆம்புலன்ஸில் நானும் ஒரு நர்ஸும். திருவள்ளூர் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். தம்பி பேசிக்கொண்டே வரணும் என்று நர்ஸ் சொன்னதால் நான் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தேன். “பூ வெச்சாங்களா?” என்று அவன் கேட்டான். இல்லைடா, வைப்பாங்க என்றேன். கொஞ்ச தூரம் போனதும், “பாக்கெட்டு மறந்துட்டியாக்கா?” என்றான். “ஆங். மறந்துட்டேன்டா.” சாகக் கிடக்கிறவனிடம் பொய் சொன்னேன். “பரவால்ல. வேல ஜாஸ்தி உனக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டான்.

சென்னையில் வாசலிலேயே டாக்டரம்மா நின்றிருந்தார். மண்ணீரலுக்குப் போகும் குழாய் கிழிந்திருக்கிறது என்றார்கள். வயிற்றைத் திறந்து தைத்துவிட முடியாதா என்று கேட்டேன். “நீங்க டெய்லர்தானேம்மா? நைஞ்ச துணியில தையல் போட்டா இன்னா ஆகும்?” என்று கேட்டார். தையல் நிற்காது, தையலோடு துணியும் பிய்ந்துகொண்டு வரும். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் சொன்னது ஒரே வார்த்தையில் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கிழிந்த இடத்தைக் கம்பிச் சுருளால் அடைக்கப் போவதாகச் சொன்னார். அந்தக் குழாய் போகிற வழியிலேயே இன்னொன்று கிழியலாம். செய்யாவிட்டால் உயிர் கண்டிப்பாகப் போய்விடும். கையெழுத்துப் போட்டேன்.

ஒன்று ஒத்துக்கொள்ளணும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, போதும்டா சாமி, எப்படியோ ஒன்று முடிந்தால் சரி என்று ஒரு நொடி தோன்றியது. பன்னிரண்டு வருஷம் காவல் இருந்த அலுப்பு. அடுத்த நொடியே முருகா முருகா என்று வாயில் அடித்துக்கொண்டேன்.

கம்பிச் சுருள் பிடித்துக்கொண்டது, ரத்தம் நின்றது. வேறெதுவும் கிழியவில்லை. பிறகு எட்டிப் பார்த்தபோது, தொடையில் குழாய் எடுத்த இடத்தை ஒரு பயிற்சி டாக்டர் பெண் மூன்று விரலால் தொட்டபடி குனிந்து நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள். முதுகு வலிக்கவில்லையாம்மா என்றேன். “வலிக்குது ஆன்ட்டி” என்றாள், விரலை எடுக்காமல்.

இருபது நாளுக்கு மேல் ஆனது வீடு திரும்ப. மறு வாரமே பையனின் அம்மா தனியாக பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், “நான் தட்டனதாலயாங்க?” என்றார். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாம். உங்கள்மேல் தப்பில்லை, தெரிந்தவள் நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். நம்பினாரோ என்னமோ. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பையனுக்கு வேற எடம் பாக்கறோங்க. தப்பா நெனச்சிக்காதீங்க” என்று எழுந்தார். எனக்குக் கோபம் வரவே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மகள் யாரையும் கேட்கவில்லை. தானே ரயில் ஏறிப் போய் டாக்டரம்மாவைப் பார்த்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று மாதம் கழித்து, வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, கடைக்கு வந்து ஒரு பையைக் கவிழ்த்தாள். அவளுடைய சுடிதார் டாப்ஸ், எட்டோ ஒன்பதோ இருக்கும். எல்லாம் நான் தைத்தவைதான். மேலே லேமினேஷன் போட்ட புதுக் கடிதம். பெயர் மட்டும்தான் வேறே. அதே சிவப்பு எழுத்து.

“எல்லாத்துக்கும் உள்ள பாக்கெட் வெச்சிக் குடு அத்தை” என்றாள்.

முதல் டாப்ஸை எடுத்து மிஷினில் வைத்தேன். கால் பெடலை மிதிக்க மாட்டேன் என்றது. கண்ணிலிருந்து கொட்டுகிறது, துணி தெரியவில்லை. “நான் மறக்கலடி” என்றேன். “அன்னிக்கு வேணும்னேதான் வெக்கல. துண்டு வெட்டி, தூக்கிப் போட்டேன். உங்க நைனா கிட்ட மறந்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவள் என் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நைனாவுக்குத் தெரியும் அத்தை. ஆஸ்பத்திரில கெடக்கும்போதே சொல்லிச்சு. ‘உங்க அத்த கொக்கி வெக்க மறக்கும், காஜா எடுக்க மறக்கும், என் பாக்கெட்ட மறக்காது. எனக்கும் அன்னிக்கு அது இல்லாம இருந்தா நல்லாருக்கும்னுதான் இருந்துச்சி, அதான் நானும் வாயத் தொறந்து கேக்கல’ன்னுச்சு.”

வாசலில் திருப்பதி பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டேன்.

“லெஃப்ட்ல வை அத்தை. நைனாவுக்கு வெக்கிற எடத்துலயே.”